நான்காவது வரி

சுனாமிக்கு அடுத்த மாதம், செட்டிபாளையத்துக்கும் களுதாவளைக்கும் இடையில் பிரதான வீதியோரம் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஒரு நிவாரண அமைப்பு கந்தோர் திறந்தது. லொறியிலிருந்து மேசை கதிரைகளை இறக்கக் கூலிக்குப் போனவர்களில் நானும் ஒருவன். பின்னேரம் மற்றவர்களை அனுப்பிவிட்டு, என்னை மட்டும் நாளைக்கும் வரச் சொன்னார்கள். அதன்பின் நாலரை வருடம் அங்கேயே நின்றேன். வாய் காட்டாமல் வேலை செய்தேன் என்பதால்தான் எடுத்ததாகப் பொறுப்பதிகாரி ஒருமுறை சொன்னார். நான் கதைக்காதது கூச்சத்தால். அவருக்கு அது நல்ல குணமாகத் தெரிந்திருக்கிறது.

அதற்கு முன் நான் வாவியில் தோணி வலித்து வலை போட்டவன். கடல் வந்த காலையில் மனைவியும் பிள்ளைகளும் வாவிக்கு அங்கால், படுவான்கரையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் நின்றார்கள். நான் வாவியின் நடுவில் நின்றேன். வீடு போனது, தோணி போனது, ஆட்கள் மிஞ்சினோம். பக்கத்து வளவுகளில் அப்படி இல்லை. ஆகவே எங்கள் இழப்பைப் பற்றி ஊரில் வாய் திறக்க எனக்கு முகம் இருக்கவில்லை. கந்தோர் வேலை கிடைத்ததைக்கூட நான் யாருக்கும் போய்ச் சொல்லவில்லை. கேட்டால் மட்டும் ஓம் என்பேன்.

இந்த ஓம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள பழக்கம். யாராவது ஏதாவது கேட்டால், கேள்வி கெதியில் முடிந்து போகட்டும் என்று ஓம் சொல்லிவிடுவேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டேன். தமிழ் வாசிப்பேன், கடிதம் எழுதுவேன், பேப்பர் ஒரு வரி விடாமல் பார்ப்பேன். ஆங்கில எழுத்து எனக்குப் பிடிபடவில்லை. பள்ளிக்கூடத்தில் அது தொடங்கிய காலத்தில் நான் தகப்பனாரோடு வாவிக்குப் போகத் தொடங்கிவிட்டேன்.

கந்தோரில் ஐந்து அறைகள், அறைக்கு ஒரு கம்பியூட்டர். நடு விறாந்தையில் ஆறாவதாக ஒரு பெரிய மெசின். எல்லாவற்றையும் வயரால் இணைத்தார்கள். வயரைச் சுவரோடு ஓட்டி ஆணி அடித்தபோது ஏணி பிடித்தவன் நான்தான். அதைச் செய்தவர் பட்டினத்திலிருந்து மாதம் ஒருமுறை வரும் இளம் ஆள். சிரித்த முகம், கதை அதிகம். ஏணியில் நின்றுகொண்டே என்னிடம் கேட்டார்.

“அண்ணன், இந்த மெசினுகளுக்குப் பேர் வைக்கணும். ஒண்டுக்கொண்டு மாறாத பேரா இரிக்கணும். வாவியில என்னென்ன மீன் புடிப்பீங்க?”

“எல்லாம் புடிக்கிறதான்.”

“எல்லாம் எண்டு ஒரு மீன் இரிக்கா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொடுவா, மணலை, ஒட்டி, இறால், நண்டு என்று சொன்னேன்.

“இறாலும் நண்டும் மீனா அண்ணன்?”

“வலைக்குள்ள வந்தா மீன்தான் தம்பி.”

அவர் அந்த ஐந்து பெயர்களையும் அப்படியே வைத்துவிட்டார். அதிகாரியின் மெசின் இறால். கணக்குப் பார்க்கும் அக்காவுடையது கொடுவா. களஞ்சியப் பொறுப்பாளருக்கு மணலை, வெளிக்கள உத்தியோகத்தருக்கு நண்டு, தட்டச்சு அறைக்கு ஒட்டி. கந்தோரில் ஒரு கிழமை இதே பகிடியாகப் போனது. நான் சொன்ன பெயர்கள் அந்த மெசின்களுக்குள் ஆங்கில எழுத்தில் போய் இருக்கின்றன என்பதை நான் யோசிக்கவே இல்லை.

பின்னேரம் ஆட்கள் வீட்டுக்குப் போகும்போது அறையைப் பூட்டித் திறப்பைக் கையோடு கொண்டுபோவார்கள். உள்ளே மெசின் ஓடிக்கொண்டிருக்கும். முதலில் நான் மெயின் சுவிச்சை இறக்கி எல்லாவற்றையும் ஒரேயடியாக நூர்த்தேன். அப்படிச் செய்ததில் ஒரு மெசின் பழுதாகிவிட்டது. அடுத்த முறை வந்த கம்பியூட்டர்காரர் என்னைப் பெரிய மெசினுக்கு முன்னால் இருத்தினார். ஓடிக்கொண்டிருக்கும் மெசின்களின் பெயர்கள் திரையில் ஒவ்வொரு வரியாகத் தெரியும். வேண்டிய வரியில் அம்பைக் கொண்டுபோய் அமத்தினால், பூட்டிய அறைக்குள் இருக்கும் அந்த மெசின் அரை நிமிடத்தில் தானாக நூர்ந்துவிடும்.

“ஒண்டு மட்டும் கவனம் அண்ணன். ஆக்கள் வேல செய்யக்குள்ள அமத்திப் போடாதீங்க. சேமிச்சு வைக்காத வேல எல்லாம் போயிடும். இங்கிலீசு எழுத்துத் தெரியுந்தானே?”

“ஓம்” என்றேன்.

அவர் ஒருமுறை செய்து காட்டினார். அன்று ஐந்து மெசின்களும் ஓடிக்கொண்டிருந்தன. மேலிருந்து கீழாக எது யாருடையது என்று விரலால் தொட்டுச் சொன்னார். நான் வரியின் எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டேன். முதல் வரி அதிகாரி, இரண்டாவது கணக்கு, மூன்றாவது களஞ்சியம், நான்காவது வெளிக்களம், ஐந்தாவது தட்டச்சு. வாவியில் வலைக்கம்புகளை நாங்கள் அப்படித்தான் எண்ணி அடையாளம் வைப்போம். கரையிலிருந்து ஏழாவது கம்பு என்னுடையது என்றால், அது எப்போதும் ஏழாவது கம்புதான்.

எனக்கு அந்த வேலை பெருமையாக இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். எல்லோரும் போன பிறகு கதிரையில் இருந்து ஒவ்வொரு வரியாக அமத்துவேன். பிறகு வீட்டைச் சுற்றிப் போய் யன்னல்களால் எட்டிப் பார்ப்பேன். உள்ளே ஒவ்வொன்றும் இருண்டிருக்கும். எல்லோரும் போன நேரம் என்பதால் எந்த வரி எது என்பதில் பிழை வந்தாலும் யாருக்கும் தெரிய வழியிருக்கவில்லை. கணக்கு அக்கா என்னைக் கண்டால், “தோணி வலிச்சவர் இப்ப மெசின் வலிக்கார்” என்பா. வீட்டில் மனைவி நம்பவில்லை. “பூட்டின கதவுக்குள்ள போய் எப்பிடி நூப்பீங்க?” என்று கேட்டாள். அதை விளக்கிச் சொன்ன அன்று நான் வழமையைவிட அதிகம் கதைத்திருப்பேன்.

சுனாமி முடிந்து இரண்டு வருடம் போனபோது வாவிக்கு அங்கால் சண்டை வந்தது. ஷெல் சத்தத்துக்குக் கந்தோர் யன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. படுவான்கரைச் சனம் வாவியைக் கடந்து எங்கள் பக்கம் வந்து பள்ளிக்கூடங்களிலும் கூடாரங்களிலும் நிறைந்தது. அந்த நாட்களில்தான் தட்டச்சு அறைக்கு ஒரு பிள்ளை வந்து சேர்ந்தாள். வெல்லாவெளிப் பக்கம் ஊர். உயர்தரம் வரை படித்தவள். தாய், தகப்பன், இரண்டு தம்பிமார் களுதாவளையில் ஒரு கூடாரத்தில் இருந்தார்கள். அவர்களுடைய வட்டையில் முற்றிய நெல் வெட்ட ஆளில்லாமல் நின்றது. அவளுடைய சம்பளத்தில்தான் ஐந்து பேரும் சாப்பிட்டார்கள். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக எடுப்போம் என்று அதிகாரி சொல்லியிருந்தார். அப்போது ஐந்தாம் மாதம்.

அவள் என்னை ஒருநாளும் சும்மா விடமாட்டாள்.

“அண்ணன், நாளைக்கு லீவாம், உண்மையா?”

“ஓம்.”

“லீவில்லையாம் எண்டும் சொல்றாங்க.”

“ஓம்.”

“உங்கள நம்பித்தான் கந்தோர் நடக்குது.”

அப்படிச் சிரிக்கும் பிள்ளை. ஆனால் வேலைக்கு இருந்தால் தலை நிமிராது.

அன்று வெள்ளிக்கிழமை. களஞ்சியப் பொறுப்பாளர் காய்ச்சல் என்று வரவில்லை. வெளிக்கள உத்தியோகத்தர் மதியத்தோடு முகாம்களுக்குப் போய்விட்டார். அதிகாரி காலையில் வந்து, தன் மெசினை ஓடவிட்டபடியே பட்டினத்தில் கூட்டத்துக்குப் போயிருந்தார். நாலு மணிக்கு வந்து, இடம்பெயர்ந்த குடும்பங்களின் பட்டியலை எடுத்து அதே வாகனத்தில் பட்டினத்துக்கு அனுப்பவேண்டும். அது போனால்தான் மறுநாள் கூடாரங்களுக்குத் தறப்பாள் வரும். அந்தப் பட்டியலைத்தான் அவள் காலையிலிருந்து அடித்துக்கொண்டிருந்தாள். மதியம் சாப்பிட எழும்பும்போது சேமித்து வைத்ததாகப் பிறகு சொன்னாள். சாப்பிட்டு வந்து மறுபடி குந்தியவள் எழும்பவில்லை. இரண்டு மணிக்கு நான் வைத்த தேத்தண்ணி ஆடை படர்ந்து அப்படியே இருந்தது.

மூன்று மணி போல அவளுடைய தகப்பன் கேற்றடிக்கு வந்தார். காலில் சேறு என்று உள்ளே வரவில்லை.

“தம்பி, எங்கட மகள ஒள்ளுப்பம் கூப்பிடுங்க. ஐசிய விட்டுட்டு வந்திட்டாள். பின்னேரம் செக்பொயின்ற்ல மறிச்சாங்க எண்டா என்ன செய்ற?”

அடையாள அட்டையைப் பொலித்தீனில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தார். வெயிலில் நடந்தே வந்திருக்கிறார். நான் உள்ளே போய்ச் சொன்னேன். “கடவுளே, என்ர ஐசி” என்று அவள் இருந்தபடியே எழும்பி ஓடினாள்.

அந்த நேரம் தொலைபேசி அடித்தது. வெளிக்கள உத்தியோகத்தர்.

“அண்ணன், நான் ரூமப் பூட்டித் திறப்பையும் கொண்டு வந்திட்டன். மெசின் ஓடிக்கிட்டு இரிக்கி. இனித் திங்கக்கிழமதான் வருவன். உங்கட மந்திரத்தப் போட்டு நூத்து விடுங்க.”

“ஓம்.”

பெரிய மெசினுக்கு முன்னால் இருந்தேன். மேலிருந்து எண்ணினேன். நான்காவது வரியில் அம்பை வைத்து அமத்தினேன். அதற்குக் கீழே வழமையாக இருக்கும் இன்னொரு வரி அன்று இல்லை. கண் அதைப் பார்த்தது. ஏன் இல்லை என்று நான் கேட்கவில்லை. யன்னலால் பார்த்தால் கேற்றடியில் தகப்பனும் மகளும் நின்றார்கள். தகப்பன் அட்டையைச் சட்டை நுனியால் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தபடிதான் நான் அமத்தினேன். பிறகு கோப்பைகளைக் கழுவக் குசினிக்குப் போனேன்.

“அண்ணன், கரண்ட் போச்சா?” அவளுடைய குரல்.

“இல்லயே.”

“மறுகா ஏன் என்ர மெசின் செத்துக் கிடக்கு?”

நான் பின்பக்கத்தால் போய் வெளிக்கள உத்தியோகத்தரின் யன்னலால் எட்டிப் பார்த்தேன். இருண்டிருக்க வேண்டிய திரையில், சும்மா நிற்கும் மெசினில் வரும் நிறம் நிறமான குழாய்ப் படங்கள் வளைந்து வளைந்து ஓடிக்கொண்டிருந்தன. நான் அந்தச் சுவரோடு நின்று விரலை மடக்கி எண்ணினேன். களஞ்சியக்காரர் வரவில்லை. அவருடைய மெசின் ஓடவில்லை. ஓடாத மெசினுக்கு வரி இல்லை. அப்படியானால் நான்காவது யார்?

உள்ளே போய்ச் சொல்ல நேரம் இருந்தது. அதிகாரி வர இன்னும் ஒரு மணித்தியாலம் கிடந்தது. உன்னுடைய மெசினை நூர்த்தவன் நான் என்று சொல்லலாம். ஆனால் அடுத்த கேள்வி, ஏன் மாறி நூர்த்தீர்கள் என்று வரும். பெயர் போட்டிருக்கிறதே, அதுவும் நீங்கள் வைத்த பெயர் என்று கணக்கு அக்கா சொல்வா. இங்கிலீசு எழுத்து எனக்குத் தெரியாது என்று நான் சொல்லவேண்டி வரும். அந்த ஒரு வசனத்தைச் சுற்றித்தான் நான் அங்கே நின்றேன். வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது. ஆனால் நேர்மையாகச் சொன்னால், அது இரண்டாவதாகத்தான் வந்தது.

அவள் மெசினைத் திரும்பப் போட்டுத் தேடிப் பார்த்திருக்கிறாள். மதியம் வரை அடித்தது இருந்தது. மற்றது இல்லை. அதிகாரி வரும்வரை அடித்தாள். விரல்களின் சத்தம் குசினி வரை கேட்டது.

அதிகாரி வெளி மாவட்டத்துக்காரர். கோபக்காரர் அல்ல, சத்தம் போடமாட்டார்.

“பிள்ளை, லிஸ்ட் முடிஞ்சுதோ?”

“இல்ல சேர். மத்தியானத்துக்குப் பிறகு அடிச்சதெல்லாம் போச்சு. மெசின் தன்பாட்டுல நூந்திட்டு.”

“தன்பாட்டிலை எப்பிடி நூரும்?”

கணக்கு அக்கா தன் அறை வாசலில் நின்று சொன்னா. “என்ர மெசின் ஓடிக்கிட்டுத்தான் இரிக்கு சேர். அவக்கு மட்டும் தனிக் கரண்டு போல.” பகிடியாகத்தான் சொன்னா. பிறகு, “அப்பா வந்தவர்தானே. கேற்றடியில நிண்டு கதைச்சவ. எவ்வளவு நேரம் எண்டு நான் பாக்கல்ல” என்றா.

அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

“நீங்கள் இஞ்சைதானே நிண்டனீங்கள். கரண்ட் போனதோ?”

“இல்ல சேர்” என்றேன். “கரண்ட் போகல்ல.”

அது உண்மை. பொய் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு நாள் இப்படிக் கிடந்து அரிக்குமோ தெரியாது.

“பாத்தீரோ பிள்ளை,” என்றார் அதிகாரி. “ஒரு சொல்லுக்கு மேலை கதைக்காத மனிசன். அவருக்கு உம்மோடை என்ன கோபம்?”

அவள் என்னைப் பார்த்தாள். “அண்ணன், நீங்க கண்டீங்கதானே. ரெண்டு மணிக்கு வச்ச தேத்தண்ணியக்கூட நான் குடிக்கல்ல. அந்தா கிடக்கு. சொல்லுங்களன்.”

கோப்பை அவளுடைய மேசையில் நிறைந்தபடி இருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். நான் போய் அதை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். கோப்பை எடுப்பது என் வேலை. தொட்டியில் ஊற்றிக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். அவள் எழும்பாமல் வேலை செய்தாள் என்பதற்கு அந்தக் கந்தோரில் இருந்த ஒரே சாட்சி அது. தண்ணீர் ஓடும்போது எனக்கு அது தெரியும்.

மிச்சப் பெயர்களை அதிகாரியும் அவளுமாக இருந்து கையால் எழுதினார்கள். வாகனம் மறுநாள் காலைதான் போனது. தறப்பாள் ஒருநாள் பிந்தி வந்தது.

செவ்வாய்க்கிழமை கம்பியூட்டர்காரர் வந்தார். தட்டச்சு மெசினைப் பார்க்க அதிகாரிதான் அழைத்திருந்தார். கொஞ்ச நேரம் அதைக் கிண்டிவிட்டுப் பெரிய மெசினுக்கு வந்தார். பிறகு என்னைக் கையால் கூப்பிட்டார்.

“வெள்ளிக்கிழம மூணு மணிக்கு ஒட்டி மெசின இஞ்ச இருந்து ஆரோ நூத்திரிக்காங்க. இதுல பதிஞ்சிரிக்கு.”

“நான்தான் தம்பி.”

“என்னத்துக்கு?”

“நண்ட நூக்கச் சொல்லிப் போன் வந்திச்சி. நாலாவது வரிய அமத்தினன்.”

“வரியா? பேர வாசிக்கல்லையா?”

அவர் திரையில் ஒரு வரியில் விரலை வைத்தார்.

“இது என்ன, சொல்லுங்க.”

“தெரியா.”

“நீங்க சொன்ன மீன்தான் அண்ணன்.”

அவருக்கு என்மேல் கோபம் வரவில்லை. முகம் வெளிறிப்போனது. வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“இது சேருக்குத் தெரிஞ்சா முதல் கேள்வி எனக்குத்தான். பெரிய மெசினத் திறக்கிற ரகசியச் சொல்ல ஆருக்கும் குடுக்கக்கூடா எண்டு எழுதிக் கையெழுத்து வச்சிரிக்கன். உங்களுக்குக் குடுத்தது நான்தானே. எனக்குக் கலியாணம் பேசி வச்சிரிக்கு அண்ணன்.”

“ஓம்” என்றேன்.

அவர் அந்தப் பதிவையும் அழித்து, பெயர்கள் வரும் அந்த ஏற்பாட்டையும் மெசினிலிருந்து எடுத்துவிட்டார். மெசினில் ஒரு குறையும் காணவில்லை என்று அதிகாரியிடம் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். எனக்கு வந்தது ஆறுதல். இனி நான் வாய் திறந்தால் இன்னொருவருடைய வேலையும் போகும், ஆகவே வாய் திறக்காமல் இருப்பது அவருக்குச் செய்யும் நன்மை என்று ஒரு நியாயம் கிடைத்துவிட்டது. அந்த நியாயத்தை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

மாதக் கடைசியில் அவளுக்குக் கடிதம் கொடுத்தார்கள். தொடர்ந்து எடுக்க முடியாது என்று இரண்டே வரி. அதைத் தட்டச்சு அறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவனும் நான்தான். வாசித்துவிட்டு மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். திறப்பை என்னிடம் தந்தாள். “போயிட்டு வாறன் அண்ணன்” என்றாள். அவள் சிரித்துப் பகிடி விட்டிருந்தால் நான் அழுதிருப்பேன் என்று நினைக்கிறேன். அவள் விடவில்லை.

அதன்பின் இரண்டு வருடம் அங்கே வேலை செய்தேன். படுவான்கரைச் சனம் ஊர் திரும்பியது. பிறகு வடக்கில் சண்டை முடிந்தது என்று வானொலியில் சொன்னார்கள். வீதியில் வெடி கொளுத்தினார்கள். எங்கள் ஆட்கள் படலையைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள். அடுத்தடுத்த மாதங்களில் நிவாரணக் கந்தோர்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. எங்களுடையதும் மூடியது. மெசின்களைக் கழற்றிப் பெட்டியில் போட்டு லொறியில் ஏற்றிக் கொடுத்தேன். அதோடு என் வேலையும் முடிந்தது.

ஒரு கிழமை வீட்டில் இருந்தேன். எட்டாம் நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு குருமண்வெளித் துறைக்குப் போனேன். வாவியைக் கடக்கும் மிதவையை நாங்கள் பாதை என்போம். பாதையில் ஏறி அங்கால் இறங்கி, வெல்லாவெளிக்கு உழக்கினேன். சந்திக் கடையில் விசாரித்தபோது வழி காட்டினார்கள். வழி நெடுகச் சொல்லவேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டு போனேன்.

வீட்டுக்குக் கூரை பாதிதான் இருந்தது. மறுபாதியில் தறப்பாள். தகப்பன் வளவு மூலையில் குழி தோண்டி வேலிக்குக் கதியால் நட்டுக்கொண்டிருந்தார். அவள் கிணற்றடியில் நின்றாள். வயலில் களை பிடுங்கிவிட்டு வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தாள். வெயிலில் கறுத்து மெலிந்திருந்தாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் போனது.

“அண்ணன்! இஞ்சாலப் பக்கம் எப்பிடி? கந்தோர்ல எல்லாரும் சுகமா?”

நின்ற நிலையிலேயே சொன்னேன். அடுக்கி வைத்தது எல்லாம் குழம்பிப்போனது. உங்கட மெசின நூத்தது நான்தான், மாறி அமத்திப் போட்டன், இங்கிலீசு எழுத்து எனக்குத் தெரியா என்று சொன்னேன். அவள் வாளிக் கயிற்றைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“உங்கட வேல எப்ப முடிஞ்சது?” என்றாள் கடைசியில்.

“போன கிழம.”

“ம். அதுதான்.”

கயிற்றை இழுத்து வாளியை மேலே எடுத்தாள். பிறகு, “இப்ப அந்தக் கந்தோரும் இல்ல, சேரும் இல்ல. நான் ஆருக்கிட்டப் போய்ச் சொல்ற?” என்றாள். “ரெண்டு இடத்துல வேல கேட்டன். முதல் இடத்தால ஏன் நிப்பாட்டினாங்க எண்டுதான் ரெண்டு இடத்துலயும் கேட்டாங்க.”

வாளியைக் கீழே வைத்துவிட்டு வேலி மூலையைக் கையால் காட்டினாள்.

“எனக்குச் சொன்னது காணும் அண்ணன். அங்க இரிக்காரே, அவருக்குச் சொல்லுங்க. தான் கேற்றடிக்கு வந்ததாலதான் எனக்கு வேல போச்சு எண்டு அண்டையிலிருந்து நெனச்சிக்கிட்டு இரிக்கார். அதுக்குப் பிறகு நான் போற ஒரு இடத்துக்கும் அவர் வாறல்ல. தம்பிமார்ர பள்ளிக்கூடத்துக்குக்கூட அம்மாதான் போறா.”

வேலி மூலைக்குப் போனோம். அவர் என்னை அடையாளம் பிடித்துக்கொண்டார். “அண்டைக்கு மகளக் கூப்பிட்டு விட்ட தம்பிதானே” என்றார். என்னைக் கொட்டில் நிழலுக்குள் வரச் சொன்னார். நான் வெயிலில் நின்றே சொன்னேன். இந்த முறை ஒழுங்காகச் சொன்னேன். களஞ்சியக்காரர் வராதது, வரி குறைந்தது, நான் எண்ணியது, நீங்கள் வந்ததற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது. கம்பியூட்டர் கதை அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. கடைசி வசனம் விளங்கியது.

“அப்ப நான் வந்ததால இல்ல?”

“இல்ல.”

அவர் மண்வெட்டிப் பிடியில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார். அவள் வேறெங்கோ பார்த்தாள். நான் சொல்ல வந்தது முடிந்துவிட்டது, இனிப் போகலாம் என்று எனக்குள் ஒரு இலேசு வந்தது. அப்போதுதான் அவர் கேட்டார்.

“அண்டைக்கு உங்கள ஒருத்தரும் ஒண்டும் கேக்கல்லையா தம்பி?”

அந்த அறையில் நின்று என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்டவள் பக்கத்தில்தான் நின்றாள். அவள் இதை அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. இரண்டு வருடமும் சொல்லியிருக்கவில்லை. இப்போதும் அவள் வாய் திறக்கவில்லை.

“கேட்டாங்க” என்றேன். “கரண்ட் போகல்ல எண்டு சொன்னன். இவ எழும்பாம வேல செஞ்சதக் கண்டன். அதச் சொல்லல்ல. குடிக்காத தேத்தண்ணியையும் எடுத்து ஊத்திப் போட்டன்.”

அவர் குனிந்து ஒரு கதியாலை எடுத்துக் குழிக்குள் நிறுத்தினார். அது ஒரு பக்கமாகச் சரிந்தது. மண் தள்ளி முடியும்வரை பிடிக்கலாம் என்று நான் கையை நீட்டினேன்.

“வேணாம்,” என்றார். “நாங்க செய்வம்.”

மகள் வந்து அதைப் பிடித்துக்கொண்டாள்.